ஒரு மெகாபைட் கார்டில் ஒரு கூறைப்புடவை

"கம்ப்யூட்டர்ல பொடவ கருப்பாயிடுச்சுப்பா. கஸ்டமர் எழுந்து போய்ட்டாங்க. நீ ஒடனே வா."

காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைத்த காலத்தில் எனக்கு வந்த புகார்களில் பாதியை எந்த மேனுவலிலும் தேடிப் பயனில்லை. மவுஸுக்குள் சாம்பிராணித் தூள், கீபோர்டில் குங்குமம், ஃப்ளாப்பி டிரைவில் கற்பூரக் கட்டி என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். புடவை கருத்துப்போனதாக மட்டும் அதுவரை யாரும் போன் செய்ததில்லை.

போன் செய்தவர் தேவராஜன், பட்டுப்புடவைக் கடை முதலாளி. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கம்ப்யூட்டர் இல்லாத கடை கடையே இல்லை என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். உடனே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கழித்துக் கட்டிய மெஷின் ஒன்றைப் பிடித்துவந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்து உட்கார வைத்துவிட்டார். அதில் விண்டோஸுக்குப் பதில் ஓசியில் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக் கொடுத்தது அவருடைய மச்சான். எதையும் காசு கொடுத்து வாங்குவது அறிவீனம் என்று நம்புகிற இன்ஜினியர் அவர். கூடவே ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்தார். உடலுக்கு ஒரு கலர், பார்டருக்கு ஒரு கலர், முந்திக்கு ஒரு கலர் என்று பெயரைத் தேர்ந்தெடுத்தால் திரையில் ஒரு புடவை விரியும். நெய்யக் கொடுப்பதற்கு முன்பே கஸ்டமர் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் செய்துவிட்டு மச்சான் சிங்கப்பூர் போய்விட்டார். இன்ஸ்டால் செய்கிறவர்கள் எல்லாரும் எப்படியோ சிங்கப்பூர் போய்விடுகிறார்கள். ரிப்பேர் செய்கிறவர்கள் காஞ்சிபுரத்திலேயே இருந்துவிடுகிறோம்.

கருப்பு

நான் திருப்பருத்திக்குன்றத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு மறுநாள் காலைதான். என் கஸ்டமர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் அவர்களுடைய மெஷின்கள் சொல்லிவைத்தாற்போல மாலை நாலு மணிக்கு மேல்தான் கெட்டுப்போகும்.

அன்றும் அப்படித்தான். கடைக்குள் போனபோது தேவராஜன் மானிட்டரைப் பார்த்தபடி, உடம்பு சரியில்லாத குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்போல இருந்தார். திரையில் ஒரு புடவை விரிந்திருந்தது. அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'அரக்கு' என்று பெயர். புடவையின் உடலோ அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

"பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவ பாக்க வந்தாங்க. அரக்கு காட்டுங்கன்னாங்க, காட்டினேன். அந்தம்மா 'இன்னா நைனா, நாங்க கல்யாணத்துக்கு வந்தோமா, சாவுக்கு வந்தோமா'ன்னு கேட்டுட்டு எறங்கிப் போய்ட்டாங்க. போன மாசம் நல்லாதான் இருந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு கலர் காட்டிக்கினு இருக்குது. வைரஸா?"

"லினக்ஸ்ல வைரஸ் அவ்வளவா வராதுங்க."

"அப்ப வாஸ்துவா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. மேசையை ஏற்கெனவே கிழக்குப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

திரையின் செட்டிங் இருக்கிற கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். காரணம் பளிச்சென்று தெரிந்தது. அந்த மெஷினில் திரைக்குப் படம் அனுப்புகிற வி.ஜி.ஏ. கார்டுக்கு மெமரி மொத்தமே ஒரு மெகாபைட். அதை வைத்துக்கொண்டு மச்சான் பெரிய ரெசல்யூஷன் வைத்திருந்தார். திரை பெரிதானால் கலருக்கு இடம் இருக்காது. அதனால் கலர் டெப்த் எட்டில் நின்றது. எட்டு என்றால் ஒரே சமயத்தில் இருநூற்று ஐம்பத்தாறு கலர்தான் திரையில் காட்ட முடியும். அதற்கு மேல் ஒரு கலர் கேட்டால், இருப்பதில் கிட்டத்தட்ட ஒத்துப்போவது எதுவோ அதைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அரக்கே நூறு தினுசில் இருக்கிற ஊரில், ஒரு பட்டுக் கடையில், உலகத்துக்கே மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு கலர்தான் என்று ஒரு இன்ஜினியர் முடிவு செய்திருக்கிறார்.

பழைய ஃபைலுக்கு ஒரு பேக்கப் எடுத்துவைத்தேன். ரெசல்யூஷனைக் குறைத்து, டெப்தைப் பதினாறு ஆக்கினேன். திரை ஒரு நிமிஷம் இருண்டு திரும்ப வந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் தேவராஜன் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். புரோகிராமைத் திறந்து அரக்கைத் தேர்ந்தெடுத்தேன். அசல் அரக்கு வந்தது.

"எழுத்தெல்லாம் பெருசாயிடுச்சேப்பா. பொடவ முழுசா தெரியலியே."

"ஒரு மெகாபைட்டுல ரெண்டும் வராதுங்க. ஒண்ணு பெரிய திரை, இல்லாட்டி நல்ல கலரு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கலரே இருக்கட்டும்பா. நம்மளது பட்டு யாவாரம்."

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். கச்சிதமான வேலை என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

சரிசெய்ததால் வந்த வினை

சில நாள் கழித்து மறுபடியும் போன். "நல்லா இருந்த கம்ப்யூட்டர என்னாப்பா பண்ணி வெச்ச?"

போய்ப் பார்த்தால் கடையில் ஒரு பஞ்சாயத்தே கூடியிருந்தது. சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் ஒருவரின் மனைவி வைதேகி அம்மாள் கையில் ஒரு பட்டு நூல் சிட்டத்தை வைத்துக்கொண்டு மானிட்டருக்கு நேராக நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய மகள் மைதிலி. அவளுக்குத்தான் கல்யாணம். ஆவணியில் முகூர்த்தம். மூலையில் கைகட்டி நின்றவர் சாயக்கார முனுசாமி. அவர் கைகட்டி நின்றது பணிவினால் அல்ல. தன்மேல் குற்றம் சொல்ல வந்தவர்களை அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

விஷயம் இதுதான். வைகாசி உற்சவம் நடந்த நாட்களில் அம்மாவும் பெண்ணும் வந்து, திரையில் பார்த்துக் கூறைப்புடவைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கேட்டது அரக்கு. திரையில் தெரிந்ததைப் பெண் பார்த்ததும் அதுதான் வேண்டும் என்று நின்றிருக்கிறாள். அம்மா மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பெண் படித்துக் காட்டிய 'அரக்கு' என்கிற பெயரை நம்பித் தலையாட்டிவிட்டார். புடவை ஐயம்பேட்டைத் தறியில் பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. ரவிக்கைக்கு ஒத்துப் பார்க்க நெசவாளி அனுப்பிய மிச்ச நூல்தான் அம்மாவின் கையில் இருந்தது. இந்த முறை மூக்குக்கண்ணாடியும் வந்திருந்தது.

"நான் அரக்குன்னுதானே சொன்னேன். இதோ, இதுலயும் அரக்குன்னு போட்டு அரக்கா காட்டறது. கையில இருக்கறது அரக்கா? நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரின்னா இருக்கு."

முனுசாமி கையை அவிழ்க்காமலே பேசினார். "நான் கண்ணால பாத்தத முக்கினேன். இதே பொட்டியோட கண்ணாடி மேல நூல வெச்சி ஒத்திப் பாத்தேன். பத்தலன்னு போயி மறுபடியும் முக்கினேன். மறுபடியும் வந்து ஒத்திப் பாத்தேன். அன்னிக்கி இங்க இருந்தது இந்தக் கலருதான். உங்க பொட்டி ராவோட ராவா கலர மாத்திக்கினா நான் இன்னா பண்றது?"

நூலை மானிட்டரில் ஒத்திப் பார்த்துச் சாயம் போட்ட சங்கதி எனக்கு அப்போதுதான் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். இங்கே சாயக்காரரிடம் கலரின் பெயரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அரக்கு என்று சொன்னால் "எந்த அரக்கு?" என்பார். கையில் ஒரு மாதிரி நூலைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அதே கலரைச் சொட்டுக்கூட மாறாமல் கொண்டுவந்துவிடுவார். தேவராஜன் புதுமையாக, மாதிரி நூலுக்குப் பதில் மானிட்டரையே கொடுத்துவிட்டார். அதுவும் இருநூற்று ஐம்பத்தாறு கலர் மானிட்டர். முனுசாமி வழக்கம்போலச் சொட்டுக்கூட மாறாமல் கொண்டுவந்துவிட்டார்.

"அம்மா, அன்னிக்கு நாம பாத்தது இந்தக் கலர்தாம்மா" என்றாள் மைதிலி.

"நீ சும்மா இரு." அம்மாள் தேவராஜன் பக்கம் திரும்பினார். "முதலியார், அலமாரியில ரெடியா இருக்கற அரக்குல நல்லதா ஒண்ணு எடுங்கோ. தறியில இருக்கறத வேற யாருக்காவது வித்துக்கோங்கோ. இனிமே புதுசா நெய்ய நாளும் இல்ல."

தேவராஜன் என்னைப் பார்த்தார். முனுசாமி என்னைப் பார்த்தார். திரையில் நான் சரிசெய்து வைத்த அசல் அரக்கு, அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

மைதிலி சத்தம் போடவில்லை. "மண்டபம் நீயும் அப்பாவும் பாத்தது. நகை அத்தை பாத்தது. மாப்பிள்ளையும் நீங்கள்ளாம் பாத்ததுதான். நான் வேணும்னு வாயத் தொறந்து சொன்னது இந்தக் கலர் ஒண்ணுதாம்மா."

அந்த அம்மாள் கல்நெஞ்சுக்காரர் இல்லை. முகம் வாடிப்போய்விட்டது. "நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? கூறைன்னா அரக்குடி. நாளைக்கு மணையில சம்பந்தியம்மா இது என்ன கலர்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? இதுக்குப் பேரே இல்லையே."

கார்டையும் டெப்தையும் பற்றி நான் படித்ததெல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணின் புடவையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. வேலை கச்சிதம் என்று மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், அன்னிக்கு இதுல இந்தக் கலர்தான் தெரிஞ்சதுன்னு அம்மாவுக்குக் காட்ட முடியுமா?"

தேவராஜன் குறுக்கே வந்தார். "அதான்பா. பழைய மாதிரியே கெடுத்துக் குடு."

கெடுப்பது எப்படி

பழுதை நீக்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீக்கிய பழுதை அப்படியே திருப்பிக் கொண்டுவர எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் கோர்ஸ் கிடையாது. நல்லவேளை, பேக்கப் இருந்தது. பழைய கான்ஃபிக் ஃபைலைத் திரும்பப் போட்டு, புரோகிராமைத் திறந்து, அரக்கைத் தேர்ந்தெடுத்து, ஒரு வித்தைக்காரன்போலக் கையை விலக்கினேன்.

கருப்பு வந்தது.

"இதுவா நீ ஆசைப்பட்ட கலர்?" என்றார் அம்மாள். மைதிலியின் கண் கலங்கிவிட்டது.

கார்டு அதே கார்டு, ஃபைல் அதே ஃபைல். அன்றைக்கு நாவல்பழம், இன்றைக்குக் கரி. ஒரு நாளைக்கு ஒரு கலர் காட்டுகிறது என்று முதல் நாளே தேவராஜன் சொல்லியிருந்தார். கஸ்டமர் சொல்வதில் தேவையானது இது, தேவையில்லாதது இது என்று பிரித்துக் கேட்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உள்ள சாமர்த்தியம். வாஸ்துவோடு சேர்த்து அதையும் ஒதுக்கியிருந்தேன்.

"மெஷின ஆன் பண்ணதும் மொதல்ல என்னா பண்ணுவீங்க?"

"சாமி படம் போடுவேன். வேற என்னா பண்ணுவாங்க?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

அந்தக் கடையில் வழக்கம் அது. ஷட்டரைத் தூக்கினால் முதலில் விளக்கு, பிறகுதான் கல்லா. கம்ப்யூட்டருக்கும் அதே முறை. காலையில் ஆன் செய்ததும் திரையில் பெருமாள் படம் வர வேண்டும். மானிட்டருக்கு ஊதுவத்தி காட்ட வேண்டும். அதன் பிறகுதான் புரோகிராமைத் திறக்கலாம். மச்சான் காலண்டர் படங்களாக ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டர் நிறையப் போட்டுக் கொடுத்திருந்தார். எந்த உற்சவமோ அந்தப் படம். மெஷின் வேகத்தில் அதற்கே ஒரு காபி குடித்துவிடலாம்.

எனக்கு விளங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் இருநூற்று ஐம்பத்தாறு இலை போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமி படம் தன் கலர்கள் அத்தனையையும் அழைத்துக்கொண்டு முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. புடவை கடைசியாக வருகிறது. இலை காலி இல்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களில் தன் ஜாடையில் இருக்கிற யாரோ ஒருவருடைய இலையில் பங்கு கேட்க வேண்டியதுதான். உற்சவம் முடிந்ததும் தேவராஜன் பெருமாள் படத்தை எடுத்துவிட்டுத் தாயார் படத்துக்கு மாற்றியிருந்தார்; சற்றுமுன் திரை திரும்ப வந்தபோதும் அதுதான் முதலில் வந்து உட்கார்ந்தது. அது முழுக்க இருட்டுப் பின்னணி. அரக்குக்குக் கிடைத்த பங்காளி கருப்பு.

"பொண்ணு பாத்த அன்னிக்கி என்னா படம் இருந்தது?"

"எல்லாம் பெருமாள்தான்பா. இதுல என்னாத்த பிரிச்சி ஞாபகம் வெக்கிறது?"

"கருட சேவை" என்றாள் மைதிலி. "கொடை ஒண்ணு ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். அம்மா பேரம் பேசி முடிக்கற வரைக்கும் அதைத்தான் பாத்துண்டிருந்தேன்."

ஃபோல்டரில் கருட சேவை மட்டும் நாலைந்து இருந்தது. குடை சாய்ந்த படத்தைத் தேடிப் பிடித்தேன். மெஷினை முழுசாக அணைத்து, திரும்ப ஆன் செய்து, கடை வழக்கப்படி முதலில் படத்தைப் போட்டேன். ஊதுவத்தியை மட்டும் தேவராஜன் காட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, எது எதனால் நடக்கிறது என்பதில் அந்த நேரத்தில் எனக்கே அவ்வளவு நிச்சயம் இல்லை. புரோகிராமைத் திறந்தேன். அரக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

நாவல்பழம் தின்ற நாக்கு வந்தது.

முனுசாமி யாரையும் கேட்காமல் அம்மாள் கையிலிருந்த சிட்டத்தை வாங்கி மானிட்டர் கண்ணாடியில் வைத்தார். நூல் எங்கே முடிகிறது, திரை எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. "நான் சொன்னனா இல்லியா" என்று மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார்.

வெளியே பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைய சாப்பாட்டை மனசால் கைகழுவிவிட்டேன்.

அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சரி, அன்னிக்குத் தெரிஞ்சது இதுதான், ஒத்துக்கறேன். ஆனா அரக்குன்னு எழுதிட்டா இது அரக்காயிடுமா? இந்தக் கலர் எங்கேர்ந்து வந்துது?"

வாத்தியார் வீட்டு அம்மா. மழுப்பினால் விடமாட்டார். உள்ளதைச் சொன்னேன். "அரக்குக்கு எடம் இல்லீங்கம்மா. அதனால பின்னாடி இருக்கற படத்துலேர்ந்து கிட்டத்தட்ட இருக்கற ஒரு கலர எடுத்துக்கினு வந்திருக்குது."

"பின்னாடின்னா, கருட சேவைலேர்ந்தா?"

"ஆமாங்க."

"அதுல எங்கேர்ந்து?"

லினக்ஸில் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு புரோகிராம் உண்டு. மவுஸை எங்கே வைக்கிறோமோ அந்தப் புள்ளியைப் பெரிதாக்கி, அதன் கலர் நம்பரைக் காட்டும். புடவையின் மேல் வைத்து நம்பரைப் பார்த்துக்கொண்டேன். பிறகு படத்தின் மேல் நகர்த்தினேன். குடையில் இல்லை. கருடனில் இல்லை. மாலையில் இல்லை. கடைசியில் பெருமாள் சாத்திக்கொண்டிருந்த பட்டின் ஒரு மடிப்பில், நிழல் விழுந்த இடத்தில், அதே நம்பர் நின்றது.

"இங்கேர்ந்துங்க. பெருமாள் கட்டிக்கினு இருக்கற பட்டுலேர்ந்து" என்றேன். சத்தியமாக நான் பக்தியில் சொல்லவில்லை. டெக்னிக்கலாகச் சொன்னேன்.

சரக்கைப் பற்றிப் பெருமை பேசக் கிடைத்த சந்தர்ப்பத்தை வாழ்நாளில் நழுவவிட்டிராத தேவராஜன்கூட வாயை மூடிக்கொண்டு கைகூப்பினார். அம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அப்புறம் மகளுடைய தோளில் அந்த நூலை வைத்துப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதை அவள்மேல் வைத்துப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

"பெருமாள் சாத்திண்டிருக்கற பட்டு கலர்னு சொன்னா, சம்பந்தியம்மா மேல ஒரு வார்த்தை பேச மாட்டா" என்றார். "அழகாத்தான் இருக்குடி."

முனுசாமிக்குக் காபி வந்தது. எனக்கும் வந்தது, வேண்டாம் என்றேன். அம்மாள் படியிறங்கிய பிறகு மைதிலி ஒரு நிமிஷம் பின்தங்கினாள்.

"சார், கல்யாணம் முடியற வரைக்கும், யார் கூப்பிட்டாலும் வந்து இதைச் சரிபண்ணிடாதீங்கோ."

சரிபண்ணவில்லை. ஆவணி முடியும்வரை அந்த மெஷின் தினமும் தப்பான கலர் காட்டியது. அதைப் பார்த்து நாலு பேர் எழுந்து போனதாகத் தேவராஜன் என்னிடம் புலம்பவும் செய்தார். ஆவணி முடிந்த பிறகு போய் டெப்தை மாற்றிக் கொடுத்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கெட்டுப்போன மெஷினோடும் யாரோ குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார்கள். யார் என்று கேட்டுக்கொண்டு கைவையுங்கள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், பையைத் திறக்குமுன், "இது இப்படியே இருந்தா யாருக்காவது தேவலையா?" என்று கேட்பேன். பெரும்பாலும் சிரிப்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் சிரிக்காமல், "கொஞ்சம் இருங்க, என் பொண்ணக் கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனார். திரும்பி வந்து, "இப்ப வேணாம்பா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.